ஐந்து கோச்சுகளும் ஒரு ஹெல்மெட்டும்

எல்டன் க்ரூகருக்கு வயது எழுபத்தொன்று. அதில் நாற்பத்தைந்து வருடத்தை டென்பி கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி ஸ்டோர் ரூமிலேயே கழித்துவிட்டார். ஜன்னல் இல்லாத அறை. இரண்டு பெரிய வாஷிங் மெஷின்கள், சுவர் முழுக்க ஹெல்மெட் அடுக்கு, எத்தனை தடவை துவைத்தாலும் போகாத வியர்வை வாடை. வாடையா, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பார். எப்படித் தெரியும்? அவர் மூக்கு எப்போதோ வேலையை ராஜினாமா செய்துவிட்டது.

ஒரு பையனின் பெயர் மறந்தாலும் தலை அளவு மறக்காத மனுஷன். முப்பது வருடம் கழித்து பேரப்பிள்ளையோடு வருகிறவனைப் பார்த்து, "ஏழரை, இடது கன்னத்துப் பஞ்சு கொஞ்சம் தடிமன்" என்பார். வந்தவனுக்குக் கண் கலங்கிவிடும். ஹெல்மெட் மாட்டுவதென்றால் தலையில் கவிழ்த்துவிட்டுப் போவதல்ல. முடியை நனைக்கச் சொல்வார், புருவத்துக்கு மேலே ஒரு விரல் விட்டு அளப்பார், மாட்டியபின் முகக்கம்பியைப் பிடித்து இழுத்து ஆட்டிப் பார்ப்பார். ஹெல்மெட் தனியாக ஆடினால் கழற்று, தலையோடு சேர்ந்து ஆடினால் போ.

இந்த நாற்பத்தைந்து வருடத்தில் ஐந்து தலைமைக் கோச்சுகளைப் பார்த்துவிட்டார். எங்கள் அயோவா மாநிலத்தில் சின்ன ஊர்களுக்குப் பேச வேறு என்ன இருக்கிறது? சோளம் விளைந்ததா, மழை வந்ததா, எந்தக் கோச் பெரியவர். மெயின் தெருவில் டாட்டியம்மாவின் காபிக் கடையில் காலை ஏழு மணிக்கே இந்தப் பஞ்சாயத்து தொடங்கிவிடும். வியாழக்கிழமை என்றால் சில்லி என்கிற பீன்ஸ், கறிக் குழம்பும் சினமன் ரோல் என்கிற பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும் உண்டு, அன்றைக்குக் குரலும் கூட.

"ஸ்டாக்மன் காலத்துப் பசங்க எலும்ப ஒடச்சுக்கிட்டு ஆடினாங்கய்யா. இப்ப இருக்கறவனுங்க ஷூ லேஸ் அவுந்தாலே உக்காந்து அழறானுங்க" என்பார் லைல். பன்றிப் பண்ணை வைத்திருந்தவர்.

"எலும்பு ஒடஞ்சதுதான் மிச்சம். கப் எங்க? கேலோவே மூணு கப் கொண்டாந்தாரு. உங்காளு என்ன கொண்டாந்தாரு, கட்டுத்துணியா?" என்பார் ரிட்டயர்டு தபால்காரர் ஹார்வி.

"நீ பேசாத. நீ ஆடின லட்சணம் எனக்குத் தெரியும். ஒரு சீசன் பூரா உக்காந்து பெஞ்சத் தேச்ச ஆளு."

"பெஞ்சுல உக்காந்தாத்தான்யா ஆட்டம் நல்லாத் தெரியும்."

கடைசியில் இருவரும் எல்டன் பக்கம் திரும்புவார்கள். ஐந்து பேருக்கும் துணி துவைத்தவர் அவர்தானே. அவரோ தலையே நிமிர மாட்டார். "சில்லி ஆறுது" என்பதோடு சரி. ஒன்று கவனித்திருப்பீர்கள், ஐந்து கோச்சுகள் இருந்தும் சண்டை இருவரைப் பற்றித்தான். அந்த இருவருக்கும் நடுவில் கோச்சாக இருந்த ரே பெல்லாமியின் பெயரை அந்தக் கடையில் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் டாட்டியே காபிக் குடுவையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

போன இலையுதிர் காலத்தில் மைதானத்துக்குச் செயற்கைப் புல் போட்டார்கள். புது மைதானத்துக்கு ஒரு கோச்சின் பெயரை வைப்பதென்று முடிவாயிற்று. அதற்கு ஐந்து பேர் கொண்ட குழு. தலைவர் ஜெனெல் லின்ட், உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒருநாள் ஸ்டோர் ரூமுக்கே வந்தார்.

"எல்டன், எல்லாக் கோச்சையும் பக்கத்துல இருந்து பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். ஒருத்தர ஒருத்தரோட ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நீங்க யாரச் சொல்றீங்களோ அவரு பேருதான். நாங்க பேசி முடிச்சுட்டோம்."

"நான் துணி தொவைக்கிறவம்மா."

"அதனாலதான் கேக்கறோம். அப்புறம் இன்னொண்ணு. அதே விழாவுல இந்த ஸ்டோர் ரூம் கதவுல உங்க பேரப் பித்தளைல பதிக்கறோம். வேண்டாம்னு சொல்லாதீங்க."

சொன்னவர் வேறு யாராவது என்றால் எல்டன் சிரித்து மழுப்பியிருப்பார். ஜெனெல் அப்படிச் சொன்னபோது வாஷிங் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். பெல்லாமி காலத்தில் டென்பிக்கு ஆடிய கோரி லின்ட் ஜெனெலின் தம்பி.

அன்று மத்தியானமே சமையலறை மேசையில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தார். ஸ்டாக்மனைப் பற்றி எழுதுவது எளிது. காலைப் பயிற்சியில் பதினொரு மணி வரை பையன்களுக்குத் தண்ணீர் தர மாட்டார், தண்ணீர் குடிப்பவன் கோழை என்பார். துவைக்க வரும் பனியன்கள் உப்பில் அப்பளமாக விறைத்திருக்கும். எல்டனின் பெயரே மூன்று வருடம் அவருக்குத் தெரியாது, "ஏய் துணி" என்றுதான் கூப்பிடுவார். தலையில் அடிபட்டு மயங்கினவன் மூக்கில் நவச்சாரக் குப்பியைக் காட்டி எழுப்பி மறுபடி உள்ளே அனுப்புவார். ஆனால் பையன் எவன் வீட்டிலாவது சாவு விழுந்தால், முந்நூறு மைல் ஆனாலும் காரோட்டிப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வருவார். அதை யாரிடமும் சொல்ல மாட்டார்.

கேலோவே அதற்கு நேரெதிர். ஒரு தடவைகூடக் கத்தினதில்லை. எல்லாம் பட்டியல், எல்லாம் நேரம். மூன்று கோப்பை. அணியிலிருந்து ஒருவனை நீக்க வேண்டுமென்றால் நேரில் சொல்ல மாட்டார். எல்டனை அனுப்பி அவன் சாமான் வைக்கும் லாக்கர் பெட்டியைக் காலி செய்யச் சொல்வார். வந்து பார்க்கிற பையன், காலிப் பெட்டியைப் பார்த்து அழுவதை எல்டன்தான் பார்க்க வேண்டும். பதினேழு வருடத்தில் அப்படி நாற்பத்தொரு பெட்டி. அடிபட்ட தலை விஷயத்தில் மட்டும் அவர் கறார், டாக்டர் கையெழுத்து இல்லாமல் உள்ளே விட மாட்டார். பையன் மேல் இருந்த அக்கறையா, கல்லூரி மேல் வழக்கு வருமென்ற பயமா என்று எல்டனுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

அவருக்குப் பின் வந்தவர் மூன்றே வருடம். நல்ல மனிதர், தோற்றுக்கொண்டே இருந்தார், போய்விட்டார். இப்போது இருக்கும் டெவின் ஆஷுக்கு முப்பத்தெட்டு வயது. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று பையன்களிடம் தினமும் எழுதி வாங்குகிறார். டாட்டி கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எல்டனுக்கு ஆஷைப் பிடிக்கும். லைலிடம் சொல்லித் தொலைக்க முடியாது, அவ்வளவுதான்.

பெல்லாமிக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து மனைவி நோரீன் எட்டிப் பார்த்தாள்.

"எழுதுறியா, பென்சிலத் தின்னுறியா?" காகிதத்தை இழுத்துப் படித்தாள். "ஸ்டாக்மனுக்குப் பன்னெண்டு வரி, கேலோவேக்குப் பன்னெண்டு வரி. பெல்லாமிக்கு, 'எட்டு வருடம் இருந்தார்'. அவ்வளவுதானா? உன்ன மனுஷனா மதிச்ச ஒரே ஆளு அவருதான்னு நீதானே சொல்லுவ?"

எல்டன் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, அவளிடம் சொன்னார்.

பெல்லாமி 1984இல் வந்தார். முதல் நாளே ஸ்டோர் ரூமுக்கு வந்து, தன் தலையை அளக்கச் சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சுவரில் போய் நாலு முட்டு முட்டினார். "எல்டன், இத மாட்டிக்கிட்டு முட்டினாலும் உள்ள மணி அடிக்குதே!" என்றார். அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார். தலையில் அடிபட்டவனின் ஹெல்மெட்டை எல்டன் உடனே வாங்கிவிட வேண்டும். வாங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஹெல்மெட் இல்லாதவன் களத்துக்குள் போக முடியாது, விஷயம் முடிந்தது.

"நானே வந்து கேட்டாலும் குடுக்காத. அப்படிக் கேட்டேன்னா அந்த நேரம் நான் கோச் இல்ல, வெறும் பைத்தியக்காரன்" என்று சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் வேறெந்தக் கோச்சும் இப்படி யோசித்ததாக எல்டன் கேள்விப்பட்டதில்லை. எதிரணிக்காரர்கள் இதைப் பார்த்துக் கேலி செய்வார்கள். "கோழி அடகாக்குது பாருடா!" என்று மறுபக்கத்திலிருந்து கொக்கரிப்பார்கள்.

1991 அக்டோபர், மேர்விக் கல்லூரியோடு ஆட்டம். ஒன்பது வருடமாக அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தது டென்பி. கோரி லின்ட் பந்தைக் கட்டிக்கொண்டு ஓடினால் மூன்று பேர் தொங்கினாலும் நிற்க மாட்டான். மூன்றாவது கால்பகுதியில் ஒரு அடி வாங்கினான். எழுந்தவன் திசை தெரியாமல் எதிரணி பெஞ்சைப் பார்த்து நடந்தான். டாக்டர் கையைக் காட்ட, எல்டன் ஹெல்மெட்டை வாங்கி உட்கார்ந்துகொண்டார். கடைசி நான்கு நிமிடம். மூன்று பாயிண்ட் பின்னால். கோரி பக்கத்தில் வந்து மண்டியிட்டு, எல்டனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு ஒன்றுமில்லை, கேளுங்கள், எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றான். இன்று என்ன கிழமை, யாரோடு ஆட்டம், பாயிண்ட் எவ்வளவு என்று எல்டன் கேட்டார். மூன்றுக்கும் டாண் டாணென்று பதில் வந்தது. டாக்டர் அந்தப் பக்கம் யாருக்கோ முட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

எல்டன் எழுந்து நின்றார், துண்டு எடுக்கப் போகிறவர் மாதிரி. கோரி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

இரண்டாவது ஓட்டத்தில் கோரி விழுந்தான். மூன்று வாரம் கண் திறக்கவில்லை. திறந்தபோது இடது கை வரவில்லை, பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. கல்லூரி விசாரணை வைத்தது. எல்டன் தாழ்வாரத்தில் தன் முறைக்காகக் காத்திருந்தார், உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் போயிருந்தார். உள்ளேயிருந்து பெல்லாமி வெளியே வந்து, "உன்னக் கூப்பிட மாட்டாங்க. வீட்டுக்குப் போ" என்றார். மறுநாள் பேப்பரில் அவர் சொன்னது வந்தது: 'களத்துக்குள் போகிற ஒவ்வொருவனும் நான் அனுப்பியவன்.' ஊர் அதைப் படித்து, அந்தப் பாவிதான் அனுப்பினான் என்று முடிவு கட்டிவிட்டது. பெல்லாமி வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனார். எல்டன் வீட்டுக்குப் போனார், அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

நோரீன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லின்ட் வீட்டுக்குச் சாப்பிடப் போறோமே, எல்டன்" என்றாள்.

"ஆமா."

"நீ ஆஸ்பத்திரில தினம் வந்து உக்காந்தேன்னு அவங்க அம்மா சாகற வரைக்கும் உன்னக் கொண்டாடினாங்களே."

"தெரியும்."

"குழுவுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். மொதல்ல போய் அந்த மனுஷனப் பாரு."

பெல்லாமி அறுபது மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். வயது எண்பத்தைந்து. டென்பியை விட்டபின் பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியிருக்கிறார். சக்கர நாற்காலியில், மடியில் போர்வையோடு இருந்தவர், எல்டனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வா. இருபத்தெட்டு வருஷம் ஆச்சா, வழி கண்டுபிடிக்க?"

எல்டனால் உட்காரக்கூட முடியவில்லை. நின்றபடியே சொன்னார். "கோச், புது மைதானத்துக்கு உங்க பேர வைக்கச் சொல்லப் போறேன். நடந்தது எல்லாத்தையும் சொல்லப் போறேன். ஹெல்மெட்டக் குடுத்தது நான். இத்தன வருஷமா நான் குடுக்கல, எழுந்துதான் நின்னேன்னு எனக்கு நானே கத சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் பெல்லாமி. "பாத்தேன்ல."

"பாத்தீங்களா?"

"அவன் ஹெல்மெட்டோட உள்ள ஓடினத நான் பாத்தேன். கையில ஒரு டைம் அவுட் பாக்கி இருந்துச்சு. ஒரு கை தூக்கியிருந்தா ஆட்டம் நின்னிருக்கும், அவன வெளிய இழுத்திருக்கலாம். நான் தூக்கல. ஓடுடா கோரின்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள சந்தோஷம் வேற! பேப்பர்ல நான் பொய் சொன்னேன்னு நெனச்சியா? உன்னக் காப்பாத்த நான் ஒண்ணும் தியாகம் பண்ணல. நடந்ததத்தான் சொன்னேன். மொத்தப் பழியையும் இப்ப நீ தூக்கிக்கிட்டுப் போயி எனக்கு மால போடாத. எம்பேரு வேண்டாம்."

எல்டன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்மேல கோவமே இல்லையா, கோச்?"

"ஏன் இல்ல? நெறைய இருந்துச்சு. ஹெல்மெட்டுக்காக இல்லடா. நீ ஒரு தடவ வந்திருக்கலாம். எம் பொண்டாட்டி செத்தப்ப டென்பிலேருந்து ஒரு ஈ காக்கா வரல. வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன், எல்டனாச்சும் வருவான்னு." கிழவர் மடியிலிருந்த போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கோரிக்குப் பொறந்த நாளுக்குப் பொறந்த நாள் கடிதாசு போடறேன். அதுக்கும் பதில் இல்ல."

எல்டன் அழுதார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பெல்லாமியும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜெல்லி கொண்டுவந்தார்கள். அதை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டார்கள்.

குழு நூலகத்து அறையில் கூடியது, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. எல்டன் காகிதத்தைக் கொண்டுபோகவில்லை.

"ஸ்டாக்மனோ கேலோவேயோ, யார் பேர வச்சாலும் தப்பில்ல" என்று ஆரம்பித்தார். "நீங்க அதுக்குக் கூப்பிடல, யாரு ஒசத்தின்னு ஒப்பிட்டுச் சொல்லத்தான் கூப்பிட்டீங்க. நான் ஒண்ணே ஒண்ண வச்சுத்தான் ஒப்பிடுவேன். பையன் தலைல அடிபட்டா யாரு என்ன செஞ்சாங்க. ஒருத்தர் நவச்சாரம் காட்டினார். ஒருத்தர் டாக்டர் கையெழுத்துக் கேட்டார். பெல்லாமி, யாரும் கேக்காத காலத்துல, ஹெல்மெட்டப் புடுங்கி என்ன அதுமேல உக்காரச் சொன்னார். அவரே கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னார். அவர் கேக்கல. கோரி கேட்டான், நான் குடுத்தேன்."

அறையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. எல்டன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவருக்குத் தெரியும். டைம் அவுட்டைப் பற்றியும் சொன்னார், பெல்லாமி அதைச் சொல்லச் சொல்லிவிட்டிருந்தார். தன் பெயரை மைதானத்துக்கு வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னதையும் சொன்னார். "கதவுல எம்பேரும் வேண்டாம்" என்று முடித்தார்.

ஜெனெல் எழுந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அந்த ஆள் போட்ட கடிதாசு அத்தனையும் பிரிக்காமலே அடுப்புல போட்டேன். இருபத்தெட்டு வருஷம். அத்தனையும்." எல்டன் பக்கம் திரும்பினார். "நீங்க எங்க வீட்டுல உக்காந்து சாப்ட்டீங்க, எல்டன். எங்கம்மா கையால வாங்கிச் சாப்ட்டீங்க."

"சாப்ட்டேன்மா."

"எப்படி எறங்குச்சு?"

ஜெனெல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெயர் வைக்கும் பேச்சு வசந்த காலத்துக்குத் தள்ளிப்போயிற்று. டாட்டி கடையில் எல்டன் உட்கார்ந்தால் லைலும் ஹார்வியும் வானிலை பேசினார்கள். சண்டை போடாத அந்த இருவரையும் பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு, போவதையே நிறுத்திவிட்டார்.

கோரிக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. சனிக்கிழமை தோறும் காலையில் ஸ்டோர் ரூமுக்கு வந்து ஒற்றைக் கையால் துண்டு மடிப்பான், அது அவனுக்குப் பிடித்த வேலை. குழு கூடிய பின் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. எல்டன் இரண்டு நாளும் துண்டுகளை மடிக்காமல் கூடையிலேயே வைத்திருந்தார். மூன்றாவது வாரம் ஜெனெலின் வண்டி வந்து நின்றது. ஜெனெல் இறங்கவில்லை. கோரி மட்டும் காலை இழுத்து இழுத்து உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான்.

"பெல்லாமியப் பாக்கப் போனோம்" என்றான். "ஜெனெல்... ரொம்ப அழுதா."

"ம்."

"நீங்கதான் குடுத்தீங்கன்னு சொன்னா."

"ஆமா. நான்தான்."

கோரி ஒரு துண்டை மேசையில் விரித்தான். "நான் கேட்டேனா?"

"கேட்ட."

"சும்மா கேட்டேனா? கெஞ்சினேனா?"

"கெஞ்சின. என் சட்டையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சின."

கோரி அதை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டான். அந்த நாளில் ஒரு துளிகூட அவன் ஞாபகத்தில் இல்லை.

"எல்லாரும்... பாவம், பாவம்னாங்க. என்ன யாரோ பிடிச்சுத் தள்ளிவிட்ட மாதிரியே சொன்னாங்க. நானாவா போனேன்?"

"நீயாத்தான் போன. அந்தப் பக்கம் மூணு பேரத் தள்ளிட்டுப் போன."

வாயின் வலது பக்கம் சிரிப்பு வந்தது. நான்கு துண்டுகளை மடித்து அடுக்கினான், ஓரம் பிசகாமல். ஐந்தாவதை எடுத்தவன் அதைக் கீழே வைத்தான்.

"ஆனா எனக்கு அப்ப இருபத்தொரு வயசு. உங்களுக்கு?"

"நாப்பத்தி மூணு."

"அப்ப நீங்க குடுத்திருக்கக் கூடாது, எல்டன்."

இருபத்தெட்டு வருடத்தில் அதை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. எல்டன் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"கூடாதுதான், கோரி."

கோரி தலையை ஆட்டினான். பிறகு கூடையிலிருந்து பாதித் துண்டுகளை எடுத்து அவர் பக்கம் தள்ளினான்.